ஏலத்துக்கு வந்த முதற்பலன்

போன வருடம், எண்ணூரில் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை. பாஸ்டர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் செமினரியிலிருந்து முதல்வரும் ஒரு பேராசிரியையும் வந்திருந்தார்கள். திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கும் என் அம்மா முதல் வரிசையில் இருந்தார். வராதவர் ஒருவர்தான்: வருடா வருடம் காணிக்கைப் பொருட்களை ஏலம் கூவுகிற சபைக்கார அண்ணன். மகளுக்குப் பிரசவ வலி என்று காலையிலேயே மீஞ்சூருக்குப் போய்விட்டார்.

செமினரிக்காரர்கள் வந்தது பண்டிகைக்கு அல்ல, எனக்காக. அங்கே பிரசங்கக் கலை கற்றுக்கொடுக்கும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பாஸ்டராகிச் சில வருடம் ஆகிவிட்டது. சொந்த சபையில் எப்படிப் பேசுகிறேன் என்று பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

விளைச்சலில் முதலில் கிடைப்பதைக் கடவுளுக்குக் கொடுக்கிற 'முதற்பலன்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். எபிரெயத்தில் அதற்கு என்ன பொருள், வேதத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று நன்றாகவே விளக்கினேன். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஜனங்கள் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியை பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். சரி, இந்த வேலை நமக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்ததும் தேங்காய், வாழைத்தார், கூடை கூடையாக மீன் எல்லாம் வாசலுக்கு வந்தன. கூவ ஆள் இல்லை. அம்மாதான் ஆரம்பித்தார்.

“இன்னா பாஸ்டரே, மீனு வெயில்ல காயுது. கூவு நைனா.”

அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். அம்மா மீன் எடுக்கப் போகும் காசிமேட்டு ஏலத்தில் அவர் பக்கத்தில் நின்று கேட்டு வளர்ந்த கூவல். தொண்டை தானாகத் திறந்தது. ஒரு கூடை வவ்வால் மீனுக்கு ஐந்நூறா, கண்ணாடியை வூட்லயே வெச்சுட்டியா மாமு என்று கேட்டதும் சபையே சிரித்தது. யாரும் விசிறவில்லை.

கடைசியில் கைக்கு வந்தது, கொடுக்கு கட்டிய ஒற்றை நண்டு. யார் வைத்தது என்று கேட்டேன். ஒரு கொழம்புக்குக்கூடக் காணாது என்று யாரோ கிண்டல் செய்தார்கள். பின்னாலிருந்து முகத்துவாரக்குப்பத்து அக்கா ஒருவர் எழுந்தார்.

“இந்த வாரம் வலைல வந்ததே இது ஒண்ணுதான். விக்க மனசு வர்ல. இங்க எத்துகினு வந்தேன்.”

நண்டைத் தூக்கிப் பிடித்தேன். காலையில நான் எபிரெயத்துல தேடுனேனே, அது இதோ கால ஆட்டிக்கினு கீது என்றேன். அதற்கு மேல் விளக்கவில்லை.

நூறில் ஆரம்பித்த விலை ஏறிக்கொண்டே போனது. ஒரு தரம், ரெண்டு தரம் சொல்லி நிறுத்தினேன். அம்மா செமினரிக்காரர்கள் பக்கம் திரும்பி, காலேஜிலேந்து வந்து சும்மா வேடிக்கை பாத்துகினு போனா எப்படி என்றார். பேராசிரியை சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். மூணு தரம்.

போகும்போது என்னிடம் சொன்னார்: “காலையில பேசினவரும் வரணும், ஏலம் கூவினவரும் வரணும். ஆனா ஒரு சம்பளம்தான் தர முடியும்.”

இப்போது வாரநாளில் வகுப்பு, ஞாயிறு எண்ணூர். ஒரு சொல்லுக்கு அர்த்தம் தேடும் முன்னால், அதைக் கையில் வைத்திருப்பவர் சபையில் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள் என்றுதான் பாடத்தைத் தொடங்குகிறேன். அதைச் சொல்ல ஓர் ஆசிரியரைத் தேடி வந்தவர்களுக்குக் கடைசியில் ஆன செலவு, ஒரு நண்டுக்கு மூவாயிரத்து இருநூறு ரூபாய்.