பல்கனியில் நின்றவன்

நான் பாலியல் குற்றவாளி. குற்றப்பதிவேட்டில் என் பெயர் இருக்கிறது. இதை உங்களிடம்தான் முதன்முதலாக முழுதாகச் சொல்கிறேன்.

சுவிஸில், வின்டர்தூர் நகரில், ஒரு பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்தேன். பக்கவாதத்தால் பேச்சிழந்த ஒரு பெண் அங்கே இருந்தாள். அவளைக் குளிப்பாட்டும் பொறுப்பு என்னுடையது. தொடக்கூடாத விதமாக அவளைத் தொட்டேன். ஒரு முறையல்ல... அவளால் வலது கையின் ஒரு விரலை மட்டுமே அசைக்க முடியும். அந்த விரலால் எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாகச் சுட்டி, தன் சகோதரியிடம் என் பெயரைச் சொன்னாள்.

சிறையிருந்தேன். நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு ஆயுள் முழுவதும் தடை. வெளியே வந்தபின், கன்டோனை, அதாவது மாநிலத்தை, விட்டு எங்கே போய்த் தங்கினாலும் கண்காணிப்பு அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்பது நிபந்தனை.

ஆனால் நான் ஒப்புக்கொள்ள வந்தது வேறொன்று. அதற்கு வழக்குமில்லை, தீர்ப்புமில்லை.

துன் என்ற ஊரில் ரவீந்திரன் இருக்கிறான். அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். பிறகு அவன் அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலையாகிப் போனான். என் வழக்கு அவனுக்குத் தெரியாது. வின்டர்தூரில் என்னைக் கண்டால் நம்மவர்கள் தெருவைக் கடந்து மறுபக்கம் போவார்கள். அவனோ வாராவாரம் தொலைபேசியில், "அண்ணை, ஒருக்கால் வந்திட்டுப் போங்கோவன்" என்பான்.

அவனுடைய மனைவி மதிக்கும் பக்கவாதம் வந்திருந்தது. அது எனக்குத் தெரியும்.

"அந்த வீட்டில் பராமரிப்புத் தேவைப்படுபவர்கள் யாராவது உண்டா?" என்று, பயணத்தைச் சொல்லப் போனபோது அலுவலர் கேட்டார். "நைன்", இல்லை, என்றேன். எழுதிக்கொண்டார். ஏன் பொய் சொன்னேன்? யாராவது என்னை அண்ணை என்று கூப்பிட்டுச் சோறு போடவேண்டும்... அவ்வளவுதானா? இன்றுவரை எனக்கே தெளிவில்லை.

ரயிலில் மூன்று முறை இருக்கை மாறினேன். பேர்ன் தாண்டியதும் மனம் லேசானது. இந்தக் கன்டோனில் என்னை யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அந்த நினைப்பு இனித்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஹோட்டலில் இருந்து அழைப்பு வந்தது. யாரோ சுகமில்லை என்று வரவில்லையாம். ரவீந்திரன் சப்பாத்தை மாட்டிக்கொண்டே சொன்னான்:

"அண்ணை, ரெண்டு மணித்தியாலத்திலை வந்திடுவன். மதியை ஒருக்கால் பாத்துக்கொள்ளுங்கோ. நீங்கள் முந்தி உந்த வேலைதானே செய்தனீங்கள். உங்களை விட்டா நான் ஆரை நம்புறது?"

அப்போது சொல்லியிருக்கலாம். என்னிடம் விடாதே என்ற ஒரு வரி போதும்.

"ஓம், போட்டு வா" என்றேன்.

அவன் போனதும் நான் ஏரியைப் பார்த்திருந்த பல்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே சாய்கதிரையில் மதி இருந்தாள். இடது கையும் காலும் வழங்காது. பேச்சு மெதுவாக வரும். அவளருகே போகாமல் இருந்துவிட்டால் நான் நல்லவன் என்று என்னையே நம்பவைத்தேன்.

"அண்ணை..." என்று கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தேன். எங்கள் கண்கள் சந்தித்தன. மேசையில் இருந்த தண்ணீரைக் காட்டினாள். நான் மறுபடி ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எதற்குப் பயந்தேன்? என் கைகளுக்கா, நாளை யாராவது என்மீது பழி சொல்வார்கள் என்பதற்கா? என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னும் இருமுறை கூப்பிட்டாள். பிறகு விழுந்த சத்தம் கேட்டது.

ஓடிப்போனேன். தரையில் கிடந்தாள். வலது மணிக்கட்டு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. தூக்கக் குனிந்தேன், கை நீளவில்லை. கீழ்வீட்டுச் சுவிஸ் பெண்மணியைக் கூட்டிவந்தேன். அவர்தான் மதியைத் தாங்கிப் பிடித்தார், அம்புலன்ஸை அழைத்தார்.

மருத்துவமனையில், நான் பல்கனியில் நின்றதாகச் சொன்னதும் ரவீந்திரன் என் தோளைத் தொட்டான். "பரவாயில்லை அண்ணை. கதவு பூட்டியிருந்தா உள்ளுக்குக் கூப்பிடுறது கேக்காது."

"ஓம், கேக்கேல்லை" என்றேன்.

மதி என்னைப் பார்த்தபடியே இருந்தாள். அவளுக்கு இருந்த ஒரே நல்ல கை கட்டுக்குள் இருந்தது.

வின்டர்தூர் திரும்பியதும் அலுவலர் பயணம் எப்படி என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன்.

போன மாதம், துன்னுக்கு நேரில் போய் அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று புறப்பட்டேன். பாதி வழியில், ஓல்டன் நிலையத்தில், துணிவு போய்விட்டது. இறங்கி, மேடையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். கடைசியில் ரவீந்திரன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

மதி எடுத்தாள். "அவர் வேலைக்குப் போட்டார்... அண்ணையோ?"

"ஓம். சும்மா எடுத்தனான். கை எப்பிடி?"

"இன்னும் பிடிக்க ஏலாது." பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "நான் கூப்பிடேக்கை... நீங்கள் திரும்பிப் பாத்தனீங்கள். அவருக்கு... நான் இன்னும் சொல்லேல்லை. ஏன் அண்ணை... வரேல்லை?"

அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். நான் அழைப்பைத் துண்டித்துவிட்டு, வின்டர்தூர் பக்கம் போகும் ரயிலில் ஏறினேன்.