தனி உலை

கணவரின் அண்ணன் பொன்னமராவதியிலிருந்து பஸ் ஏறி வந்து, எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"பாத்திரம் பண்டமெல்லாம் எப்புடிப் பிரிச்சுக்கிறதா உத்தேசம்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுப்படி வாசலில் நின்ற மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. மருமகள் தனி உலை வைத்துவிட்டாள் என்று புகார் போயிருக்கிறது. எங்கள் பக்கம் ஒரே கூரைக்குள் தனி உலை கொதித்தால் குடும்பம் உடைந்துவிட்டது என்று பொருள்.

வேடிக்கை என்னவென்றால், நான் உலையே வைக்கவில்லை. ஞாயிறும் புதனும் முட்டை அவித்து, கொண்டைக்கடலை வேகவைத்து, கோஸும் பீன்ஸும் வதக்கி, கோழியை மிளகு போட்டுச் சுட்டு, வேளைக்கு ஒன்றாக டப்பாக்களில் அடைத்து ஃபிரிட்ஜில் அடுக்கினேன். பாலும் தோசை மாவும் கறிவேப்பிலையும் தவிர வேறெதையும் கண்டிராத ஃபிரிட்ஜ் அது. காலையில் ஆலங்குடிக்கு வேலைக்குப் போகும்போது ஒரு டப்பா, திரும்பி வந்ததும் ஒரு டப்பா. சோற்றுப் பானைப் பக்கம் போவதில்லை. இதற்குத்தான் இத்தனை அமர்க்களம்.

வனக்காவலர் எழுத்துத் தேர்வில் நான் தேறியிருந்தேன். மிச்சம் இருந்தது நடைத் தேர்வு. கொடுத்த தூரத்தைக் கொடுத்த நேரத்துக்குள் கடக்க வேண்டும். அப்போதிருந்த என் எடைக்கு அது ஆகிற காரியம் இல்லை. கடந்தால் அரசாங்க வேலை. கடக்காவிட்டால் ஆயுசுக்கும் ஆலங்குடி ஜெராக்ஸ் கடை. வயது வரம்பு என் கழுத்துவரை வந்துவிட்டதால் இன்னொரு தடவை என்கிற பேச்சுக்கே இடமில்லை. கல்யாணமான மூன்றாம் மாதமே கணவர் குவைத்துக்குப் போய்விட்டார். மாமனார் ஏற்கெனவே இல்லை. வீட்டில் நானும் அத்தையும் மட்டும். யாரோ ஒருவர் அனுப்பும் பணத்துக்கும் யாரோ ஒருவர் எடுக்கும் லீவுக்கும் காத்திருக்கிற வாழ்க்கை எனக்குக் கசந்துபோயிருந்தது. இதை வெளியில் சொன்னால் திமிர் என்பார்கள். திமிர்தான், இருக்கட்டுமே.

"பிரிக்கிறதுக்கு ஒண்ணுமில்லீங்க. நான் பரீட்சைக்காகத்தான் இப்புடிச் சாப்புடுறேன்" என்றேன்.

"பரீட்சைக்குப் படிப்பாங்க. யாராச்சும் சாப்புடுவாங்களா?" என்றார் கணவரின் அண்ணன். அவர் தரப்பிலிருந்து பார்த்தால் நியாயமான கேள்விதான்.

அன்று மாலையே கணவரிடமிருந்து போன் வந்தது. "ஊரே பேசுதாமே. அம்மாவோட உக்காந்து நாலு வாய் சோறு தின்னா கொறஞ்சா போயிருவ?" என்றார். குறைந்துபோகத்தான் இத்தனை பாடு என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "நடைத் தேர்வு முடியிற வரைக்கும் இப்புடித்தாங்க. மாத்த மாட்டேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை.

மறுநாள் காலையில் அத்தை படியைக் கையில் வைத்துக்கொண்டு அரிசி டிரம் முன்னால் நின்றிருந்தார். நான் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். "ஏத்தா, ஒரு ஆளுக்கு எம்புட்டு அரிசி போடுறது? நான் போட்டதே இல்லையே. தெனமும் மிஞ்சி மாட்டுக்குத்தான் போகுது" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து கூட்டத்துக்கே பொங்கிய கை. ஒவ்வொருவராகக் குறைந்து கடைசியில் நான் ஒருத்திதான் அவர் உலைக்கு மிச்சம் இருந்தேன், நானும் டப்பாவுக்குப் போய்விட்டேன். "கால் படிக்கும் கம்மியாப் போடுங்க அத்தே" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். இரக்கப்பட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

சோற்றை விடச் சொன்னது செல்போன் வீடியோவில் வரும் ஒரு தம்பி. புஜத்தை முறுக்கிக் காட்டிக்கொண்டே, கார்ப்ஸ், அதாவது மாவுச்சத்துதான் முதல் எதிரி என்பார். இட்லியும் சோறுதான், தோசையும் சோறுதான், இடியாப்பம் நூலாகத் திரிந்த சோறு என்று அவர் விளக்கியபோது எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. விரதம் என்று சோற்றைத் தள்ளிவிட்டு எட்டு இட்லி சாப்பிடுகிற ஊர் இல்லையா எங்களுடையது. எல்லாவற்றையும் விட்டேன். எடை இறங்கியது. ஊக்கமாக இருந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை முந்திரிக் காட்டுச் சாலையில் முழுத் தூரத்தையும் நடந்து பார்க்கப் புறப்பட்டேன். பாதிவரை நன்றாகத்தான் போனேன். பிறகு கால் என்னுடையதாக இல்லை. குளிர்ந்து வியர்த்தது, கண் இருட்டியது. வழியில் ஒரு பாலத்தின் கட்டைச்சுவரில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. இவ்வளவுதானா நான் என்று அழுகை வந்தது. எப்படியோ ஒரு டீக்கடைவரை போய், சீனி தூக்கலாக ஒரு டீயும் இரண்டு வாழைப்பழமும் உள்ளே தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் போன கால் திரும்பி வந்தது. அந்தத் தம்பி மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகு யோசித்தபோது அவர் மேல் தப்பில்லை என்று பட்டது. அவர் சொன்னது கண்ணாடி முன்னால் நிற்கிறவர்களுக்கு. நான் நடக்க வேண்டியவள்.

அதற்குப் பிறகு எதிரி என்று எதையும் ஒதுக்கவில்லை. எது எனக்கு ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். சப்பாத்தி சாப்பிட்டு நடந்தால் வயிறு கல்லாகக் கனத்தது. கம்பங்கூழ் தெம்பாக இருந்தது, ஆனால் பாதி வழியில் மறைவான புதர் தேட வைத்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு ஏப்பம் நின்றபாடில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டது, முதல் நாள் ராத்திரி அளவான வெள்ளைச் சோறு, நடக்கிற அன்று விடிகாலையில் நாட்டுச் சர்க்கரை தூவிய இட்லி. சாம்பார் கூடாது, சட்னி கூடாது. போகிற வழிக்கு, கணவர் அனுப்பிய பேரீச்சம்பழம்.

சோறு என்று முடிவான பிறகு அதற்கு மட்டும் ஏன் தனிப் பாத்திரம்? அத்தை வடித்த சோற்றிலிருந்தே எடுத்து, புதிதாக வாங்கிய சின்னத் தராசில் நிறுத்து டப்பாவில் போட்டேன். அத்தைக்கு வந்ததே கோபம். "சோத்த நிறுத்துப் போட இதென்ன ஜெயிலா? பாக்குறவுக நான் அளந்து போடுறேன்னுல நெனப்பாக!"

"யாருத்தே பாக்குறா? நீங்களும் நானுந்தான் இருக்கோம்."

அத்தை தராசை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "அப்ப டப்பாவத் தூரப் போட்டுட்டு இங்கிட்டு வந்து ஒக்காரு. தட்டுல நிறுத்துக்க" என்றார்.

அன்றிலிருந்து தராசு எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தது. அத்தையே நிறுப்பார். எண்ணைச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "இது கணக்குல வராது" என்று ஒரு கைப்பிடியைத் தூக்கிப் போடுவார். நான் அதை எடுத்து அவர் தட்டில் போடுவேன். தினமும் இதே வழக்குதான். பகல் டப்பாவைத் தவிர மற்றதெல்லாம் ஒரே பானையிலிருந்து வந்தது. ஊர் மட்டும் தன் பேச்சை நிறுத்தவில்லை.

தேர்வு அன்று வெயில் ஏறுவதற்குள் பாதி தூரம் போய்விட்டேன். முன்னால் போன ஒரு பெண் சாலையோரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "ஒண்ணும் சாப்புடலக்கா. வயிறு கனக்கும்னு விட்டுட்டேன்" என்றாள். இரண்டு பேரீச்சம்பழத்தை அவள் கையில் திணித்துவிட்டு, நிற்காமல் நடந்தேன். கடைசித் திருப்பத்தில் தொடை எரிந்தது, மூச்சு இரைத்தது. கால் மட்டும் என்னுடையதாகவே இருந்தது. நேரத்துக்குள் கோட்டைக் கடந்தேன். அந்தப் பெண்ணும் எழுந்து வந்து, இன்னும் சிலரோடு கோட்டைக் கடந்ததைப் பிறகு பார்த்தேன்.

வேலை உத்தரவு வந்தது. மலை மாவட்டத்தில் பணி, தங்கக் குவார்ட்டர்ஸ். கணவரின் அண்ணன் திரும்பவும் வந்தார், அதே முகத்தோடு. "அன்னைக்குக் கேட்டதுக்கு இல்லைன்ன. இப்ப நெசமாவே தனியாத்தான போற?" என்றார். செய்யாத குற்றத்துக்கு அத்தனை வாதாடியவள், இப்போது அதையே உத்தரவோடு செய்யப் போகிறேன். கூட வந்துவிடுங்கள் என்று அத்தையை எத்தனையோ தடவை கூப்பிட்டாகிவிட்டது. மாட்டை யார் பார்ப்பது, குளிர் உடம்புக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். போகாமல் இருந்துவிடலாமா என்று நான் ஒரு கணம்கூட நினைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் குற்ற உணர்வாக இருந்தது.

அத்தை உள்ளே போனார். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஒரு சோற்றுப் பானை, வடிதட்டு, இரண்டு கரண்டி, ஒரு தட்டு. கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தார்.

"ஒன்னையும் ஒம் பொண்டாட்டியையும் பானை சட்டி குடுத்து பொன்னமராவதியில தனியா வச்சது யாரு?" என்று மகனைக் கேட்டார்.

"நீதான்."

"அப்ப ஊரு சிரிச்சுச்சா?"

"இல்ல" என்றார் அவர்.

"அவளாப் போனாத்தான் பேச்சு. இவளையும் நாந்தான் தனியா வைக்கிறேன். கேக்குறவுககிட்ட அப்புடியே சொல்லு."

பானையை என் பக்கம் நகர்த்தினார். நான் அழுதுகொண்டே அதைப் பழைய சேலையில் சுற்றிக் கட்டினேன்.