அண்ணன் திரும்பக் கேட்ட எட்டு ஷாஃப்டுகள்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது.

ஆவுடையார்கோவில் பக்கத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், ஐடிஐ முடித்த கையோடு புதுக்கோட்டையில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். இயந்திர உறுப்புகளுக்கு இன்டக்ஷன் ஹார்டனிங் செய்யும் வேலை. இரும்புத் தண்டைச் செம்புச் சுருளுக்குள் நிறுத்தி மின்சாரம் பாய்ச்சினால், சில நொடிகளில் மேற்பரப்பு மட்டும் செக்கச்செவேலெனச் சிவக்கும். உடனே தண்ணீர் பீய்ச்சினால் அது இறுகித் தேயாமல் உழைக்கும். நேரம் கூடினால் கீறல் விழும்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், அண்ணன் அங்கிருந்தே வேலைக்குப் போய்வந்தார். அப்போதுதான் கட்டுமாவடிப் படகுகளின் விசிறியைச் சுழற்றும் எட்டு ஷாஃப்டுகளைச் சூடேற்றினார். அவை போன மறுநாள், மெஷினில் தானே நேரத்தைக் கூட்டி வைத்திருந்ததைக் கண்டார்.

முதலாளி, "புகார் வந்தா பாத்துக்கலாம்ப்பா" என்றார். அண்ணன் கட்டுமாவடிக்குப் பஸ் ஏறிவிட்டார்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பவிருந்த நேரம். "கழட்டுனா நாலு நாள் கடலுக்குப் போக முடியாது. வெளையாடுறீங்களா?" என்று சத்தம் போட்டார் ஒரு படகுக்காரர்.

"நடுக்கடல்ல ஒடிஞ்சா என்னங்க பண்ணுவீங்க? கழட்டுங்க, காட்டுறேன்."

அண்ணன் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சுண்ணாம்புப் பொடி பூசினார். கீறலுக்குள் இறங்கியிருந்த எண்ணெய் பொடியில் ஊற, மூன்று தண்டுகளில் மயிரிழைபோல் கோடுகள் தெரிந்தன.

"எப்புடிங்க இப்புடி ஆச்சு?"

"தூக்கக் கலக்கம்ங்க. தப்பு என்னுதுதான்."

அவர் சொல்லாததை அவர் தங்கையான நான் சொல்ல வேண்டும். அம்மாவுடன் மூன்று நாள் இருக்கும்படி என்னைக் கூப்பிட்டிருந்தார். பிள்ளைக்குப் பரீட்சை என்று நான் போகவில்லை. அதைப் பற்றி அண்ணன் ஒருநாளும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

எட்டையும் புதிதாகச் செய்து அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அதன்பின் ஒவ்வொரு உருப்படியையும் இரண்டு தடவை சோதித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். சோறு தின்னும்போதே கண் சொருகும். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்குப் போய்வந்த காலத்திலும், முடிந்த நாளெல்லாம் வேலைக்குப் போனார்.

கூடவே அலைந்து ஓய்ந்துபோன அண்ணிக்கும், வண்டி வைத்து அழைத்துப்போன பட்டறைத் தோழர்களுக்கும், முகம் சுளிக்காத செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசி வாரம் நான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கண் திறந்து, "ஒனக்கு அலுப்பா இருக்கும். போயி செத்த நேரம் படுத்துக்க ஆத்தா" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை.