சத்தமாக அழச் சொன்ன மேரி

வெள்ளிக்கிழமை காலை திண்டிவனத்தில் பேருந்துக்காக நின்றிருந்தபோது மேரியின் மகள் போன் செய்தாள். “மாமா, அம்மா நம்மள வுட்டுட்டுப் பூட்டாங்க” என்று அழுதாள். மறுநாள் வளவனூர் பக்கத்திலுள்ள அவர்கள் காலனியில் போய் இறங்கினால், கண்ணீர் அஞ்சலி பேனரில் ‘அமைதியின் வடிவம்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். மேரியை அறிந்தவர்களே, அதை எழுதியது யார்? அழித்துவிடுங்கள்.

விழுப்புரத்தில் கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே பதினாறு வருடம் அவளும் நானும் ஒரே மேசையில் மனு எழுதினோம். நான் கையால் எழுதுவேன், அவள் கணினியில் அடிப்பாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த அகராதிதான் எனக்கு ஆங்கில வாத்தியார். அதனால் எனக்குத் திமிர் அதிகம் என்பாள் மேரி. உண்மைதான்.

திங்கட்கிழமைதான் ஜனங்கள் உள்ளே போய் மனு கொடுக்கும் நாள். அப்படி ஒரு திங்கட்கிழமை பொம்மையார்பாளையத்து மீனவர் ஒருவர் வந்தார். கடல் அவர் வீட்டைத் தின்றுவிட்டது. மாற்று மனை கேட்டு மனு. சொல்லும்போதே தேம்பி அழுதார். “அழுதா மனு நனையும். சட்டத்தைப் பேசுய்யா” என்று நான் அதட்டினேன். மேரி குறுக்கே வந்தாள். “இங்க அழுது இன்னா பிரயோஜனம்ணா? உள்ள போயி அழுங்க. சத்தமா அழுங்க.” பிறகு என்னிடம் திரும்பி, “நீ பெரிய படிப்பாளியாச்சே, அழறத இங்கிலீசுல க்ரைன்றாங்களே, அதுக்கு உன் டிக்சனரில இன்னா போட்டுக்கீது பாரு” என்றாள்.

பார்த்தேன். அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்ததாம். ரோமாபுரியில் ஒருவனுக்கு அநியாயம் நடந்தால், ‘குடிமக்களே, வாருங்கள்’ என்று தெருவில் நின்று கூவுவானாம். அந்தக் கூவலே க்ரை ஆனது என்று பழைய இலக்கண ஆசிரியர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது தப்பு, பன்றி கத்தும் சத்தத்திலிருந்து வந்திருக்கலாம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டையும் நேர்மையாகப் படித்துக் காட்டினேன். மேரி சிரித்தாள். “பன்னி கத்துனாலும் ஊரே எட்டிப் பாக்குது இல்ல? அது போதும்ணா.”

அவளுக்கென்று ஒரு மனு இருந்தது. அவர்கள் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. கரும்பு வயல் வரப்பில்தான் பிணம் போக வேண்டும். வயல்காரர் பெரும்பாலும் விடமாட்டார், ஊரைச் சுற்றிப் போகச் சொல்வார். ஒருநாள் மனு நாள் கூடத்தில் மேரி எழுந்து நின்று அழுதாள். அதிகாரியை அழைத்தாள், வரிசையில் நின்றவர்களை அழைத்தாள், டீ கொண்டுவந்தவரைக்கூட “நீயும் கேளுப்பா” என்றாள். “உக்காந்து அமைதியா சொல்லுங்கம்மா” என்றார் அதிகாரி. “அமைதியாதான் சார் இத்தினி வருசமா எழுதிக்கினு இருக்கேன்” என்றாள்.

நான் வெட்கப்பட்டு வெளியே போய்விட்டேன். வந்தவளிடம், “நம்ம மானத்த வாங்கிட்டியே” என்றேன். “மானம் போனா போவுதுண்ணா. பொணம் போவ வழி வேணும்” என்றாள். அடுத்த வாரமே சர்வேயர் வந்து பாதைக்கு அளந்து கல் நட்டார். அதற்கடுத்த வாரம் கற்களைக் காணோம்.

சனிக்கிழமை அவளையே தூக்கிக்கொண்டு அந்த வரப்புக்குப் போனோம். வயல்காரரின் ஆள் குறுக்கே நின்று, “சுத்திக்கினு போங்க” என்றான். தூக்கியவர்கள் தயங்கினார்கள். எழுபத்து நான்கு வயதில் நான் வாயைத் திறந்தேன். கண்ணீரோடு, காலனி மொத்தத்தையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ரோட்டில் போனவர்களை, “ஐயா, அம்மா, வாங்க, வந்து பாருங்க” என்று கூப்பிட்டேன். வண்டிகள் நின்றன. முன்பின் தெரியாதவர்கள் இறங்கி வந்து எங்களோடு நின்றார்கள். அந்த ஆள் ஒதுங்கினான். மேரி வரப்பு வழியே போனாள்.

ஒரு நாள் ஒதுங்கியது பாதை ஆகாது. அவள் மனுவின் நகலை மகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். மேரியிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். அந்த ஊருக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று அதிகாரிகள் கேட்பார்கள். கேட்கட்டும், மனு இனி என் பேரில் போகும். கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது. பத்து நாள் பேசக் கூடாது என்கிறார் டாக்டர். அவருக்கென்ன, திங்கட்கிழமை மனு நாள்.