ஈவ் டீசிங்கும் எங்கள் குலசாமியும்

ஈவ் டீசிங் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஏவாளைக் கிண்டல் செய்வதாம்! மேலே கை வைக்கிறவனுக்கு இவ்வளவு செல்லமான பெயரை எந்தப் புண்ணியவான் வைத்தானோ. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தவரை அது சினிமாவில் பாட்டுக்கு முந்திய விளையாட்டு. கல்லூரியில் சேர்ந்த சமயம் சட்டம் வந்து குற்றமானது. பஸ் ஸ்டாண்டில் போர்டு வைத்தார்கள். கொஞ்ச நாளில் எங்கள் பக்கத்து ஆண்கள் வாயில் அது பெண்கள் செய்கிற காரியமாகிவிட்டது. "பாத்துப் பேசுடா, ஈவ் டீசிங் குடுத்துருவா" என்பார்கள். செய்தவனை விட்டுவிட்டு, புகார் எழுதிக் கொடுத்தவள் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது அந்த வார்த்தை.

அப்படி எழுதிக் கொடுத்தவள்தான் நானும்.

ஓடைப்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். தேனியில் கல்லூரி. காலை ஏழரை பஸ்ஸை விட்டால் முதல் வகுப்பு போய்விடும். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான் என்பதால் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள், ஒரு சொல் காதில் விழுந்தாலும் படிப்பு நின்றுவிடும் என்று. அதனால் இரண்டாம் வருஷம் முக்கால்வாசி வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு முந்தின ஊரில் ஏறிவரும் ஒருவன், கூட்டத்தைச் சாக்காக வைத்து முதுகோடு ஒட்டி நிற்பான். நகர்ந்தால் கூடவே நகர்வான். இடுப்பில் கை வரும். ஊக்கால் குத்தினேன், சிரித்தான். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சுடிதாரை இரண்டு தடவை துவைப்பேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

கல்லூரிக்கு ஒரு பெண் போலீஸ் அதிகாரி வந்து, பயப்படாமல் எழுதிக் கொடுங்கள் என்று பேசிவிட்டுப் போனார். அவரை நம்பி எழுதினேன். மூன்றாம் நாள் ஸ்டேஷனில் இரண்டு வீட்டாரையும் வரச் சொன்னார்கள்.

ஏட்டு என் தாளைச் சத்தமாக வாசித்தார். அப்பாவின் கை இறுகுவதைப் பார்த்தேன். இன்றைக்கு அவனுக்குப் பூசை உண்டு என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அப்போதுதான் அவனுடைய அப்பா மெதுவாகக் கேட்டார்: "ஒங்களுக்கு எந்தச் சாமி?"

ஒரே சாதிக்காரர் இருவர் பார்த்துக்கொண்டால் எங்கள் பக்கம் குலசாமியைத்தான் கேட்பார்கள். ஒரே சாமி என்றால் பங்காளி, வேறு சாமி என்றால் மாமன் மச்சான். ஒரே சாமியாக இருந்திருந்தால் அவன் எனக்கு அண்ணன் முறை ஆகியிருப்பான். அங்கேயே செருப்படி விழுந்திருக்கும். என் கெட்ட நேரம், சாமி வேறு.

"அட, மாமன் மச்சானாப் போயிட்டோம்ல!" என்று அவர் சிரித்தார். "முறைப் பய கேலி பண்ணாம ஊரான் வந்தா பண்ணுவான்?"

"கேலி இல்ல சார், மேல கை வச்சான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. வேறு யாருக்கும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

ஏட்டு தாளை நாலாக மடித்தார். "சொந்தத்துக்குள்ள எதுக்குத்தா ஈவ் டீசிங்கு? சமாதானம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

அப்பா போட்டார். வாசலில் சம்பந்தி போல நின்று அவனுடைய அப்பாவோடு டீ குடித்தார். அப்பா கெட்டவர் இல்லை, என்னை ஒரு அடி அடித்ததில்லை. ஆனால் அவர் முகத்தில் அன்றைக்குத் தெரிந்த நிம்மதியை என்னால் இதுவரை மன்னிக்க முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது, "படிப்ப நிப்பாட்டிருவீகளாப்பா?" என்று கேட்டேன். எனக்கு அது ஒன்றுதான் பயம்.

"எதுக்கு ஆத்தா நிப்பாட்டணும்? நீ பாட்டுக்குப் போ" என்றார் அப்பா, அத்தனை பிரியமாக. "தனியாப் போறதுனாலதான இம்புட்டும்? அவுககிட்டச் சொல்லிட்டேன். இனிமே அந்தப் பய ஒனக்குத் துணைக்கு வருவான்."

மறுநாள் ஏழரை பஸ்ஸில் அவன் எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைத்திருந்தான். மூன்றாம் வருஷம் முடியும்வரை நான் நின்றுகொண்டேதான் கல்லூரிக்குப் போனேன்.