ஏழாம் எண்ணில் யாரும் இல்லை

கம்ப்யூட்டரில் வரிசை எண்ணைக் கையால் அடிப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒன்று, புள்ளி, ஐந்து தடவை ஸ்பேஸ் பார். இரண்டு, புள்ளி, ஆறு தடவை ஸ்பேஸ் பார். நடுவில் ஒரு வரி சேர்ந்தால் கீழே உள்ள அத்தனையையும் அழித்து மறுபடி அடிப்பார்கள். ஒரு பட்டனை அமுக்கினால் தானாக வந்து நிற்கிற எண்கள்! செங்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்த இத்தனை வருடத்தில், வேலை தெரிந்தவர் என்று நான் ஒத்துக்கொண்டது ஒரே ஒரு ஆளைத்தான். அது நான்.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் பென்டிரைவோடு வந்தார். அவர்கள் ஊர் வன உரிமைக் குழுவின் செயலாளர். காலங்காலமாகச் சாமை விதைக்கிற நிலத்துக்கு உரிமை கேட்டு ஊரே சேர்ந்து போடும் மனு அது. மறுவாரம் அதிகாரி மலைக்கு வந்து ஒவ்வொரு நிலமாகப் பார்க்கப்போகிறார். பேப்பரும் நிலமும் ஒத்துப்போனால்தான் காரியம் நடக்கும்.

"அப்டியே பிரின்ட் எடுத்துக் குடுங்கண்ணா. ஜீப்பு கெளம்பிடும்."

திறந்து பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பெயர்ப் பட்டியலின் இருபத்துமூன்று எண்களும் கையால் அடித்தவை. ஏழுக்கு எதிரே ஒரு எழுத்துகூட இல்லை. எட்டுப் பக்கத்தின் தலையிலும் ஒரே வரியை எட்டுத் தடவை அடித்து வைத்திருந்தார்.

"எண்கள் கல்லில் எழுதியபடி," என்று அந்த வரியை ராகம் போட்டுப் படித்தேன். "ஏம்மா, ஹெடர்னு ஒண்ணு இருக்குறது தெரியாதா? ஒருவாட்டி போட்டா எல்லாப் பக்கத்துலயும் வந்துடும். யாரு அடிச்சது இத?"

"நாந்தாண்ணா. மூணு நாளாச்சு."

"பாத்தாலே தெரியுது. போய் டீ குடிச்சிட்டு வா."

பத்தே நிமிடம். காலியாகக் கிடந்த வரியைத் தூக்கினேன். தானியங்கி எண்ணைப் போட்டேன். ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை நூல் பிடித்தது போல் நின்றன. தலையில் இருந்த வரிகளை அழித்துவிட்டு, ஊர்ப் பெயரும் பக்க எண்ணும் தானாக வரும்படி ஹெடர் வைத்தேன். அவர் கையால் வரைந்த வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கூடவே பின் அடித்தேன். அதிலும் எண்கள் இருந்தன. நான் பார்க்கவில்லை. ஜீப் ஹாரன் அடிக்க, அவரும் புரட்டிப் பார்க்காமல் ஓடினார்.

அடுத்த வாரம் வந்தார். சத்தம் போடவில்லை. அந்தக் காகிதத்தை என் கீபோர்டின் மேல் வைத்தார்.

"இன்னாத்துக்குண்ணா ஏழாம் நம்பர எடுத்தீங்க?"

"காலியா இருந்துச்சும்மா..."

"அது காலியாதாண்ணா இருக்கணும். அம்மன் நெலம். அங்க யாரும் ஏர் கட்ட மாட்டோம். கல்லு மட்டும் நட்டு நம்பர் போட்டு வுட்டுட்டோம்."

எட்டாம் எண் அவருடையது. நான் ஏழாம் எண்ணை எடுத்ததும் அவர் பெயர் ஒரு படி மேலே ஏறிவிட்டது. ஊர் முழுக்க நிற்க, அதிகாரி ஏழாவது கல்லடியில் அந்தப் பெயரைத்தான் உரக்கப் படித்திருக்கிறார். அடுத்தடுத்த கல்லிலும் பெயர் மாறிவர, திருத்திக் கொண்டுவரச் சொல்லி ஃபைலை மூடிவிட்டார்.

"அம்மன் நெலத்த எம்பேருக்கு எழுதிக்கினேன்னு ஊரே சொல்லுது. என்னக் குழுவுல இருந்து எடுத்துடணுமாம். நீங்க ஒருவாட்டி வந்து சொல்லுங்கண்ணா."

கடையைச் சாத்திவிட்டு அதே ஜீப்பில் போனேன். ஏழாவது கல் முன்னால், தப்பு என்னுடையது என்று கூட்டத்திடம் சொன்னேன். நம்பினார்கள் என்றுதான் தோன்றியது. ஒருவர் மட்டும் கேட்டார்.

"கல்லுல இருக்கற நம்பருன்னு ஒவ்வொரு பக்கத்துலயும் மேல எழுதியிருந்துச்சாமே. நீங்க படிக்கலியா?"

"இல்லீங்க, கவனிக்கல," என்றேன்.

அந்தப் பெண் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த வரியை ராகம் போட்டுப் படித்த என் குரலைக் கேட்டவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான். பிறகு கல்லின் பக்கம் திரும்பிக்கொண்டார்.