பெர்த்தா படித்த சிறுநீரகப் பாடம்

ஓர்மோக் நகரில் நானும் பெர்த்தாவும் ஒரே பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தோம். அவள் புருஷன் சிமியோன் சிறுநீரகம் கெட்டு இறந்தபோது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அவள் கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணையத்தில் இலவசமாக நடத்தும் சிறுநீரகப் பாடமாம். டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, அதனால்தான் சேர்ந்தேன் என்றாள். அவள் அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டில் சிக்னல் கிடையாது. மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் இலவச வைஃபை கிடைக்கும் நகராட்சித் திடலில் போய் உட்காருவாள். ஆங்கிலம் வேகமாக ஓடும்; ஒரு நிமிடப் பேச்சை ஐந்து தடவை கேட்பாள். நாலாயிரம் பேர் சேர்ந்திருப்பதாகப் போட்டிருந்தது. ஆறாவது வாரம் அவள் கேட்ட சந்தேகத்துக்குப் பதில் எழுத ஒருவரும் மிச்சமில்லை. பாடம் இலவசம், சான்றிதழுக்குத்தான் காசு. அவள் அதை வாங்கவில்லை. இணையத்திலேயே பரீட்சை எழுதினாள்; மூன்று நோட்டு நிறையக் குறிப்பு எழுதி வைத்திருந்தாள்.

அடுத்த வருஷம் ஊரில் புதிதாக டயாலிசிஸ் மையம் வந்தது. உதவியாளர் வேலை கேட்டு நோட்டுகளோடு போனாள், துணைக்கு நானும் போனேன். மேலாளர் வில்யாகோர்ட்டே அம்மா பொறுமையாகப் புரட்டிப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் சரியாகச் சொன்னாள்.

"பரீட்சை எழுதறப்ப மேற்பார்வைக்குப் பக்கத்துல யாரு இருந்தா?"

"யாரும் இல்லம்மா."

"சான்றிதழும் இல்ல. அப்ப தகுதின்னு நான் என்னன்னு எழுதிக்கிறது?"

துப்புரவு வேலைதான் இருந்தது. பெர்த்தா சரியென்றாள். வழி நெடுக நான்தான் திட்டிக்கொண்டு வந்தேன். அவள் தெரு முக்கில் பிபிங்கா என்ற அரிசிக் கேக் வாங்கி, எனக்குப் பாதி பிட்டுக் கொடுத்து, மிச்சத்தைத் தின்றாள்.

மூன்றாவது மாதம் ஒரு நோயாளியின் மனைவி அவளை நிறுத்திக் கேட்டாளாம்.

"கிரியாட்டினின் ஏறிடுச்சுங்கறாங்களே, அது என்ன வியாதி அக்கா?"

"வியாதி இல்லம்மா. உடம்பு வெளிய தள்ளவேண்டிய கழிவு. வடிகட்ட முடியாம ரத்தத்துலயே தங்கிடுது."

நர்ஸ் கேட்டுவிட்டு, உன் வேலையைப் பார் என்று கடிந்துகொண்டாள். கொஞ்ச நாளில் அதே நர்ஸ், விவரம் புரியாதவர்களை 'அந்த அக்காகிட்ட கேளுங்க' என்று அனுப்ப ஆரம்பித்தாள். சம்பளம் மாறவில்லை, துடைப்பமும் மாறவில்லை.

இப்பவாவது சந்தோஷமா என்று கேட்டேன்.

"சிமியோனுக்குக் கால் வீங்குச்சில்ல, எட்டு மாசம் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேச்சேன்," என்றாள். "அது என்னத்தோட அறிகுறின்னு ரெண்டாவது வாரப் பாடத்துலயே சொல்லிடறான்."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அவள் கையைப் பிடித்தேன். பிடிக்க விட்டாள்.

போன வாரம் திடலில் சர்க்கரை நோய்ப் பாடத்தில் சேர்ந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். எதற்காக இதைப் படிக்க விரும்புகிறீர்கள் என்று முதல் பக்கத்தில் ஒரு கட்டம் கேட்டது. ஒன்றும் எழுதாமல் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.